எலெக்ட்ரிக் அவென்யூ நிஜமான தெருதான்

பாடகர் எடி கிராண்டின் 'எலெக்ட்ரிக் அவென்யூ' ஒரு கொண்டாட்டப் பாட்டு, அதில் வரும் தெரு வெறும் கற்பனை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நிறையப் பேர் அதைப் பகிர்ந்தும் இருக்கிறார்கள். துள்ளும் தாளத்தைக் கேட்டால் அப்படித் தோன்றுவது இயல்பு. நானே பல வருடம் அப்படித்தான் நினைத்துக்கொண்டு தலையாட்டினேன்.

ஆனால் தெரு உண்மையானது. தெற்கு லண்டனில், பிரிக்ஸ்டனில் இருக்கும் சந்தைத் தெரு அது. 1880களில் மின்விளக்கு போட்டதால் வந்த பெயர். மின்சார வெளிச்சம் கிடைத்த முதல் சந்தைத் தெரு என்று சொல்வார்கள். 1981 ஏப்ரலில் அதே பிரிக்ஸ்டனில் பெரிய கலவரம் வெடித்தது. அதற்குச் சில நாள் முன்பு போலீஸ் சாதாரண உடையில் இறங்கி, தெருவில் போகிறவர்களை நிறுத்திச் சோதனை போட்டது. வேலையில்லாத் திண்டாட்டத்தில் புழுங்கிக்கொண்டிருந்த கறுப்பின இளைஞர்களிடம் அது நெருப்பு வைத்த மாதிரி ஆயிற்று. கயானாவில் பிறந்து லண்டனில் வளர்ந்த கிராண்ட் அந்தக் கோபத்தைத்தான் 1982இல் பாட்டாக்கினார்.

சரிபார்க்க ஒரு நிமிடம் போதும். வரைபடத்தில் பிரிக்ஸ்டன் சுரங்க ரயில் நிலையத்தைத் தேடுங்கள். பக்கத்திலேயே தெருப் பெயர் தெரியும். அப்புறம் பாட்டின் முதல் வரியை நிதானமாகக் கேளுங்கள். தெருவில் வன்முறை என்றுதான் ஆரம்பிக்கிறது. கலவரத்தின் பின்னணி வேண்டுமென்றால், அதை விசாரித்த ஸ்கார்மன் பிரபுவின் அறிக்கை 1981 நவம்பரிலேயே வெளியாகிவிட்டது.