லீவில் வந்தவரை முதலில் தூங்க விடுங்கள்

எங்கள் வேலூர்ப் பக்கத்தில் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். முதல் உலகப்போர்க் காலத்திலிருந்து பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிவரும் ஊர். என் பிறந்த வீடு, புகுந்த வீடு இரண்டும் அந்தச் சுற்றுவட்டாரம்தான். அப்பா, அண்ணன், கணவர் எல்லாரும் ஆர்மி. மாலை போட்டு அனுப்பி வைக்க எங்களுக்கு நன்றாகத் தெரியும். திரும்பி வந்தவரை எப்படி வைத்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை.

வருஷ லீவு 60 நாள். அதுவும் ஒரே மூச்சில் கிடைப்பது அபூர்வம். அதற்குள் குலதெய்வத்துக்குப் பொங்கல், கிணற்றுப் பங்குத் தகராறு, நாத்தனாருக்கு மாப்பிள்ளை பார்ப்பது என்று எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருப்போம். ஜம்முவில் ரயிலேறி இரண்டு நாளுக்கு மேல் உட்கார்ந்து வந்தவர் காட்பாடியில் இறங்குவதற்குள் போனிலேயே பாதியைச் சொல்லி முடித்திருப்போம்.

அவர் எங்கிருந்து வருகிறார் என்று யோசிக்க வேண்டாமா? சியாச்சினில் 20,000 அடிக்கு மேலே போஸ்ட் இருக்கிறது. குளிர் மைனஸ் 50 வரை போகும். அந்த உயரத்தில் பசி போய்விடும், தூக்கம் கெடும், ஞாபகம் மழுங்கும். காஷ்மீரில் குண்டு இருக்கிறதா என்று ரோடு பார்க்கும் டூட்டி என்றால் வேறு மாதிரி. ஓரமாய்க் கிடக்கும் பை, சும்மா நிற்கும் வண்டி, எதையும் நம்பக் கூடாது. அந்த உஷார்தான் ஆளை உயிரோடு வைத்திருந்தது. லீவு பாஸில் கையெழுத்து விழுந்ததும் அது எப்படி உடம்பை விட்டுப் போகும்?

போன லீவில் எங்கள் தெருவில் ஒரு சாவு. ஊர்வலத்தில் வெடி போட்டார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்த என் கணவர் ஒரே பாய்ச்சலில் மகளை இழுத்துச் சுவரோரம் உட்கார வைத்து, அவள் தலையைக் கையால் மூடிக்கொண்டார். அவள் சட்டையெல்லாம் சாம்பார்ச் சோறு. என் மாமியார் மட்டும் சாதாரணமாக, "கை கழுவிட்டு வாப்பா, வேற தட்டுல போடறேன்" என்றார். என்ன ஏது என்று கேட்கவில்லை, அழவும் இல்லை. அதைவிட நல்ல வைத்தியத்தை நான் பார்த்ததில்லை.

ஊர்க்காரர்களிடம் கேட்பது இரண்டே விஷயம். "எத்தனை பேரைச் சுட்ட?" என்று கேட்காதீர்கள், குழந்தைகளையும் கேட்க விடாதீர்கள். அப்புறம், கேன்டீன் பாட்டிலுக்காக அவரைச் சுற்றி உட்காராதீர்கள். குடித்தால் தூக்கம் வருகிற மாதிரி இருக்கும், நடுராத்திரியில் விழிப்புத் தட்டிவிடும், கெட்ட கனவும் கூடும். இதைப் பாசம் என்று சொல்லாதீர்கள்.

மனைவிமாருக்கும் ஒன்று. பேங்க், ஸ்கூல் ஃபீஸ், நிலம் எல்லாம் இத்தனை நாள் நாம்தான் பார்த்தோம். வந்ததும் அவர் அதிகாரம் பண்ணினால் கோபம் வரும், நியாயம்தான். ஆனால் அந்தப் பேச்சு முதல் வாரத்தில் வேண்டாம்.

பெரும்பாலும் சில வாரத்தில் சரியாகிவிடும். ஒரு மாதம் தாண்டியும் கெட்ட கனவு, எரிச்சல், யாரோடும் ஒட்டாமல் இருப்பது தொடர்ந்தால் அது குணக்கேடு இல்லை, காற்று கருப்பும் இல்லை. வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களைப் பார்த்தபின், 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் இதை நோய்ப் பட்டியலில் சேர்த்தார்கள். மருந்தும் சிகிச்சையும் உண்டு. தாயத்து கட்டுவதென்றால் கட்டுங்கள், டாக்டரிடமும் கூட்டிப் போங்கள். 14416க்குப் போன் செய்தால் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. டெலி மானஸ் என்ற அந்தச் சேவையில் படைவீரர்களுக்கென்றே 2023 டிசம்பரில் புனேயில் தனிப் பிரிவு வந்திருக்கிறது. எங்களுக்குப் பக்கத்திலேயே பாகாயத்தில் சிஎம்சியின் மனநல மையம் இருக்கிறது. நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கிக் கற்றுக்கொள்ளும் முறையை அங்கே பல பத்தாண்டுகளாக வைத்திருக்கிறார்கள்.

வெளியே சொன்னால் மெடிக்கல் கேட்டகரி, அதாவது ராணுவம் போடும் உடல்தகுதித் தரம், இறங்கும், புரமோஷன் போகும் என்ற பயம் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. அந்தப் பயத்தைத் தப்பென்று நான் சொல்ல மாட்டேன், அதில் பிள்ளைகள் படிப்பும் வீட்டுக் கடனும் இருக்கிறது. ஆனால் அதைப் போக்க வேண்டியது ராணுவம்தான். முன்கூட்டியே வந்து உதவி கேட்டவருக்கு அதனால் நஷ்டம் வராது என்று எழுத்தில் சொல்லட்டும். லீவு கொடுக்கும்போதே வீட்டுக்கு ஒரு போன் போட்டு, இவர் எந்த மாதிரி இடத்திலிருந்து வருகிறார், எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று மனைவியிடமோ அம்மாவிடமோ தமிழில் பத்து நிமிஷம் பேசட்டும்.