மதில் மேல கண்ணாடிச் சில்லு வேணாங்க, களாச்செடி வைங்க

காங்கேயம் தாராபுரம் ரோட்ல பஸ்ல போனவங்க ஆடு மாடு மேய விடுற கொறங்காட்டைச் சுத்தி இருக்குற கிளுவ வேலிய பாத்திருப்பீங்க. மழைக்கு முன்னாடி கிளுவக் கெளைய போத்தா வெட்டி நட்டது, ஆனா இப்ப போய் உத்துப் பாருங்க, உள்ள சூரமுள்ளு, காரை, சங்கஞ்செடி, எலந்தைனு என்னென்னமோ பின்னிக் கெடக்கும், அதெல்லாம் யாரும் நடல, பழம் தின்ன குருவிங்க வேலி மேல உக்காந்து எச்சம் போட்டு மொளச்சது. ஆடு நுழையாத அளவுக்கு அந்த வேலி அடர்த்தியானதுல பாதிக் கூலி குருவிகளுக்குத்தான் போகணும்.

எங்க வீட்டுக்குப் பின்னாடி சுவரேறி வந்து ரெண்டு தடவை மோட்டர் வயரை அறுத்துட்டுப் போனானுங்க. எல்லாரும் முள்கம்பி போடு, கண்ணாடி பதினு சொன்னாங்க, நான் சுவரை ஒட்டி ரெண்டடிக்கு ஒண்ணா களா வெச்சேன். மொத தடவ வெதைய காயவெச்சு மூணு மாசம் கழிச்சுப் போட்டு ஒண்ணுகூட மொளைக்கல, பழத்துல இருந்து எடுத்ததும் போட்டாத்தான் வரும்னு அப்புறந்தான் தெரிஞ்சுது. மூணு வருஷம் ஆச்சு, இப்ப கவட்டை மாதிரி பிரிஞ்ச முள்ளு, கைய விட்டா சட்டையோட தோலும் போகும், ஒடிச்சா பால் வேற பிசுபிசுனு ஒட்டும். வயர் பத்திரமா இருக்கு. உள்ளாற கொண்டைக்குருவி கூடு கட்டிருக்கு, பக்கத்து வீட்டுப் பூனை கீழ நின்னு அண்ணாந்து பாத்துட்டே போகுது.

நர்சரில கேட்டா காகிதப்பூதான் தர்றாங்க, முள்ளு இருக்கு, பாக்க அழகு, ஆனா குருவிக்குத் தின்ன ஒரு பழம் உண்டா? டுரான்டால மஞ்சக் காய் கொத்துக் கொத்தா வரும், கொழந்தைங்க வாயில போட்டா விஷம். உண்ணிச்செடி வேணவே வேணாம், குருவி திங்கும்தான், ஆனா அப்படித் தின்னு தின்னுதான் முதுமலைக் காடெல்லாம் பரவிக் கெடக்கு.

பாம்பு வரும்னு கமென்ட் போடப் போறீங்க, தெரியும். அடியில சருகு, கல்லு, பழைய ஓடு சேர விடாம கூட்டி வெச்சுக்குங்க, பார்க் செடி மாதிரி மாசா மாசம் கத்திரி போடாதீங்க, அப்புறம் பூவும் வராது காயும் வராது.

இந்த வருஷமாவது ஊறுகா போட்டுறலாம்னு நல்லா பழுக்கட்டும்னு விட்டேன், ஞாயித்துக்கெழம கிண்ணத்தோட போனா மேல் கிளை பூரா காலி, உள்ள ஒரு குயில் உக்காந்து என்னைய மொறைக்குது.