மூன்று, இரண்டு, ஒன்று: மைக்கை அணைத்துவிட்டுக் கேட்போம்

நண்பர்கள் ஏழு பேர், மாதம் ஒருமுறை, ஆளுக்கொரு இடத்தில் இருந்தபடியே ஒரே இசைத்தொகுப்பை ஒரே நேரத்தில் கேட்டுவருகிறோம். இதைச் சொன்னவுடன் எல்லோரும் எந்தச் செயலி என்றுதான் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் அது இரண்டாவது கேள்வி. எதைக் கேட்பது, எவ்வளவு நேரம் கேட்பது, எப்போது வாயை மூடிக்கொள்வது என்று துணிந்து முடிவு செய்யும் ஒருவர் கூட்டத்தில் இருக்கிறாரா என்பதே முதல் கேள்வி.

எங்கள் முதல் முயற்சி படுதோல்வி. காணொளி அழைப்பில் எல்லோரையும் சேர்த்து, ஒலிபெருக்கியின் முன்னால் மைக்கை வைத்து, நானே பாட்டை ஓடவிட்டேன். வயலின் ஒரே சுரத்தை நீட்டிப் பிடிக்கும் கார்வையில் நின்ற இடமெல்லாம் ஒலி தேய்ந்து மறைந்தது. தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பது போலிருக்கிறது என்றார் ஒரு தோழி. காரணம் பிறகுதான் புரிந்தது. அழைப்புச் செயலிகள் மனிதக் குரலுக்காக வடிவமைக்கப்பட்டவை. மாறாமல் தொடர்ந்து ஒலிப்பது எதுவாயினும் அதை மின்விசிறி இரைச்சலாகக் கருதி அடக்கிவிட முயல்கின்றன. தம்புரா அங்கே பிழைப்பது கடினம். திரையைப் பகிரும்போது கணினியின் ஒலியையும் சேர்த்து அனுப்பலாம். ஸூமில் இப்படி அடக்காமல் ஒலியை உள்ளபடியே அனுப்பும் 'ஒரிஜினல் சவுண்ட்' என்ற அமைப்பும் உண்டு. அப்போதும் ஒருவருடைய இணைய இணைப்பு தடுமாறினால் ஏழு பேருக்கும் பாட்டு தடுமாறும்.

ஆகவே, அவரவர் கருவியில் அவரவர் பாட்டை ஓடவிட்டு, தொடக்க நொடியை மட்டும் பகிர்ந்துகொள்வதே சிறந்த வழி என்பது என் உறுதியான கருத்து. 2020 மார்ச்சில் 'தி சார்லட்டன்ஸ்' குழுவின் பாடகர் டிம் பர்ஜஸ் ட்விட்டரில் தொடங்கிய கேட்பு நிகழ்வுகள் இப்படித்தான் நடந்தன: குறித்த நேரத்தில் ஆளாளுக்குத் தொகுப்பை ஓடவிட்டார்கள், பேச்சு மட்டும் பொதுவில் நடந்தது. 2021இல் வந்த ஆப்பிளின் ஷேர்ப்ளே, 2023இல் வந்த ஸ்பாட்டிஃபை ஜாம் போன்றவை இந்த ஒத்திசைவைத் தாமே பார்த்துக்கொள்கின்றன. ஜாமில் 32 பேர் வரை சேரலாம். ஆனால் எல்லோரும் ஒரே சேவையில் இருக்க வேண்டும். எங்களுக்குள் மூன்று சேவைகள் புழங்குவதால் "மூன்று, இரண்டு, ஒன்று" என்று வாயால் எண்ணித்தான் தொடங்குகிறோம்.

அரை நொடி முன்பின்னானால் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அவரவர் காதில் அவரவர் பாட்டு மட்டுமே ஒலிக்கிறது. ஒரே ஒருவர் மைக்கை அணைக்க மறந்தால் போதும், அவருடைய ஒலிபெருக்கியிலிருந்து அதே வரி எதிரொலியாக வந்து விழும். ஹெட்போனும் அணைத்த மைக்கும் கட்டாயம் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. (எல்லோரும் சேர்ந்து பாடலாமே என்று ஒருவர் ஆசைப்பட்டார். சுமார் 30 மில்லிநொடித் தாமதத்தைத் தாண்டினாலே தாளம் நழுவத் தொடங்கும். சாதாரண அழைப்புகளில் தாமதம் அதைவிட அதிகம். ஒரு பல்லவிகூட முடியவில்லை.)

இன்னொரு பொறியையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பாட்டு முடியும் முன்பே அடுத்ததை மெல்ல நுழைக்கும் 'கிராஸ்ஃபேட்' அமைப்பு ஒருவரிடம் 12 நொடிக்கு வைக்கப்பட்டிருந்தால், பத்தாவது பாட்டு தொடங்கும்போது அவர் ஏறத்தாழ 108 நொடி முன்னால் போயிருப்பார். எங்களில் ஒருவர் நாங்கள் கேட்காத பாட்டைப் புகழ்ந்து எழுதியபோதுதான் இதைக் கண்டுபிடித்தோம். இலவசக் கணக்கில் இடையே வரும் விளம்பரம் நேர்மாறாக ஆளைப் பின்னுக்குத் தள்ளும். ஒரே தொகுப்பின் பழைய பதிப்பையும் மறுபதிப்பையும் கலந்து கேட்பதும் ஆபத்து. பாட்டின் நீளமும் வரிசையும் மாறியிருக்கலாம்.

ஆளுக்கொரு பாட்டாகச் சேர்த்த ப்ளேலிஸ்ட் எனக்கு உடன்பாடில்லை. அது சனநாயகமாகத் தோன்றினாலும், ஒவ்வொருவரும் தம் பாட்டு எப்போது வரும் என்று காத்திருக்கிறார்களே ஒழிய, மற்றவருடையதைக் காதில் வாங்குவதில்லை. ஒரு மாதம் ஒருவர் தேர்ந்தெடுக்கட்டும். மற்றவர்கள் அவருக்குக் காது கொடுக்கட்டும். நாற்பது நிமிடம் போதும். இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய 22 நிமிடம்தான் கொள்ளும் என்பதால், அந்தக் காலத்துத் தொகுப்புகள் இயல்பாகவே இந்த அளவுக்குள் அடங்கியிருக்கும். இரண்டு மணி நேரம் வைத்துப் பார்த்தோம். பாதிப் பேர் மின்னஞ்சல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அரட்டைப் பெட்டி விஷயத்தில்தான் எங்களுக்குள் இன்னும் சண்டை. பாட்டு ஓடும்போது ஓர் எழுத்துகூடத் தட்டக் கூடாது என்பது என் கட்சி. அப்படியானால் இது தனியாகக் கேட்பதிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று கேட்ட நண்பருக்கு என்னால் சரியான பதில் சொல்ல முடியவில்லை. பாட்டுகளுக்கு இடையே ஒரு வரி எழுதலாம் என்று சமரசம் செய்துகொண்டோம். அவர் அதையும் மதிப்பதில்லை. சென்ற மாதம் எல்லாம் முடிந்த பிறகு அரட்டையைப் புரட்டிப் பார்த்தேன். நான்காம் பாட்டின் நடுவே, எதுவும் எழுதாமல், ஓர் ஆச்சரியக்குறியை மட்டும் இட்டிருந்தார். நேரத்தைக் கணக்கிட்டுப் பார்த்தால், கண்மூடிக் கேட்டுக்கொண்டிருந்த நான் நிமிர்ந்து உட்கார்ந்த இடமும் அதுதான்.