ஓட்டின் உள்ளே பார்க்க வேண்டும்

மதுரைப் பக்கம் கிடைத்த பாண்டியர் காலப் பானையோடுகளை நிறத்தை வைத்தே வகை பிரித்து, ‘உள்ளூர்ப் பானை’ என்று ஒரு கட்டுரை சொல்கிறது. அது போதாது. மானாமதுரைச் சூளையில் பார்த்திருக்கிறேன்: ஒரே மண், காற்றோட்டம் இருந்தால் சிவக்கும், புகை மூட்டினால் கறுக்கும்.

ஓட்டிலிருந்து ஒரு சீவலை வெட்டி, 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, முனைவாக்கிய ஒளியில் (ஒரே திசையில் அதிரும்படி வடிகட்டிய ஒளியில்) நுண்ணோக்கியில் வைத்துப் பாருங்கள். குவார்ட்ஸ் மணிகள் சாம்பலும் வெள்ளையுமாகத் தெரியும். அப்பிரகம் (மைக்கா) பளிச்சென்று வண்ணம் காட்டும். உமி கலந்திருந்தால், அது எரிந்துபோன இடம் நீண்ட துளையாக நிற்கும். எத்தனை அழகு! மணல் மணியின் முனை மழுங்கியிருக்கிறதா, கூராக இருக்கிறதா என்பதும் பேசும். இடித்துச் சேர்த்த கல் கூராகவே இருக்கும்.

வைகைக் கரைக் களிமண்ணையும் சுட்டு, அதே முறையில் ஒப்பிட்ட பிறகு ‘உள்ளூர்ப் பானை’ என்று எழுதுங்கள்.