லைட்டை அடிச்சா என்னய்யா அர்த்தம்?

தங்கச்சிமடத்துல ரோட்டைத் தாண்ட 11 நிமிஷம். போன்ல மணி பார்த்துட்டுத்தான் சொல்றேன். தை அமாவாசைக்குத் தீர்த்தமாட வந்த கூட்டம், அப்படியே தனுஷ்கோடியையும் பார்த்துட்டுப் போயிருவோம்னு கிளம்பின கூட்டம், எல்லாம் ஒரே ரோட்டுல.

பக்கத்துல மீன்கார மதினி. தலையில அன்னக்கூடை நிறைய நகரை மீன். ஐஸ் தண்ணி சும்மாட்டை நனைச்சு நெத்தி வழியா கண்ணுக்குள்ள எறங்குது. துடைக்கக் கை ஏது? ஒரு கை கூடையில, இன்னொண்ணு "நில்லுப்பா, நில்லுப்பா"ன்னு ரோட்டைப் பார்த்து நீட்டியிருக்கு.

ஒரு வெள்ளைக் கார் வேகத்தைக் குறைச்சான். லைட்டை ரெண்டு தடவை அடிச்சான். போகச் சொல்றான்னு மதினி காலை எடுத்து வச்சாக. அவன் குறைச்சது வேகத்தடைக்கு! லைட்டை அடிச்சது "வர்றேன், ஒதுங்கு"ன்னு! நான் முழங்கையைப் பிடிச்சு இழுத்ததுல கூடை சாய்ஞ்சு நாலு நகரை தார்ல கெடக்கு. ஹாரனை அழுத்திக்கிட்டே போயிட்டான். மூஞ்சியைப் பார்த்து நாலு வார்த்தை கேட்கலாம்னா கண்ணாடி முழுக்கக் கருப்பு ஃபிலிம். 2012-லயே உச்ச நீதிமன்றம் ஒட்டக்கூடாதுன்னு சொன்ன சமாச்சாரம்.

இதுல வயித்தெரிச்சல் என்னன்னா, ஆளே இல்லாம ஓடப்போற கார் நடந்து போறவங்களுக்கு எப்படிச் சேதி சொல்லணும்னு வெளிநாட்டுல மண்டையை உடைச்சுக்கிட்டு இருக்காங்க. 2015-ல பென்ஸ் காட்டின மாதிரி வண்டி ஒண்ணு, நடக்கிறவருக்கு வழிவிட்டு, ரோட்டு மேலயே வெளிச்சத்தால வரிக்கோடு போட்டுக் காட்டுச்சு. 2018-ல ஜாகுவார் லேண்ட் ரோவர்காரங்க வண்டி முகத்துல ரெண்டு உருட்டு முழி வச்சு, கடக்க நிக்கிறவரைத் திரும்பிப் பார்க்க வச்சாங்க. (நம்ம லாரி முன்னாலயும் முழியைப் பிதுக்கிக்கிட்டு ஒரு பூதம் இருக்கு. அது யாரைப் பார்த்துச்சு?)

ஃபோர்டு கதைதான் உச்சம். 2017-ல வர்ஜீனியாவுல, ஓட்டுறவருக்கு சீட் மாதிரியே ஒரு உறை தச்சு மாட்டி, வண்டியில ஆளே இல்லைன்னு ஊரை நம்ப வச்சாங்க. முன் கண்ணாடி மேல ஒரு லைட் பட்டை. ரெண்டு வெள்ளை லைட் பக்கவாட்டுல நகர்ந்தா வழிவிடப் போகுது, படபடன்னு மின்னினா கிளம்பப் போகுது. இதை ஜனங்க எப்படி எடுத்துக்கிறாங்கன்னு பார்க்கத்தான் அம்புட்டு மெனக்கெடல். உள்ள இருக்கிற ஆளை மறைக்க நம்மாளுக்கு ஒரு சுருள் ஃபிலிம் போதும். சேதி சொல்ற பட்டை மட்டும் கெடையாது.

அந்த வேலையில இருக்கிறவங்க ஒரு விஷயம் சொல்றாங்க. வண்டி "நான் நிக்கிறேன்"னு தன்னைப் பத்திச் சொல்லலாம், "நீ போ"ன்னு ஆளுக்கு உத்தரவு போடக்கூடாதாம். பின்னால வேற வண்டி வந்தா அதுக்கு யார் பொறுப்பு? படிச்சப்ப ரொம்பத்தான் நுணுக்கம் பார்க்குறாய்ங்கன்னு நெனச்சேன். இன்னைக்குப் புரிஞ்சுது. புண்ணியவான் ஒருத்தர் பஸ்சை நிறுத்தி, போங்கம்மான்னு கையைக் காட்டினார். ரெண்டு எட்டு வைக்கல, பஸ்சுக்கு இடதுபக்கச் சந்துல ஒரு பைக் சர்ருன்னு வந்துட்டான். மறுபடி பின்னால ஓட்டம்.

"கையைக் காட்டுனது அவரு, கொல்ல வந்தது எவனோ"ன்னாக மதினி. சும்மாட்டுத் துணி நுனியால கண்ணைத் துடைச்சுக்கிட்டு மறுபடியும் கையை நீட்டினாக.

அப்ப ஒரு ஆட்டு மந்தை எறங்குச்சு. எந்த ஆடும் லைட்டைப் பார்க்கல, மூஞ்சியைத் தேடல. அத்தனை வண்டியும் கப்சிப்னு நின்னுச்சு. ஆட்டை இடிச்சா அங்கேயே காசை எண்ணி வைக்கணும்ல! கடைசி ஆட்டு வாலைப் பிடிக்காத குறையா நாங்களும் தாண்டிட்டோம். தார்ல கெடந்த நாலு நகரையில ரெண்டுதான் தேறுச்சு.