எச்-இன்டெக்ஸ் 9 என்றால் மதிப்பில்லை என்பது தவறு

தம்பி, ஆராய்ச்சிக் கட்டுரைகளுக்குக் கிடைக்கும் மேற்கோள்களை வைத்துப் போடும் எச்-இன்டெக்ஸ் எண் நாகர்கோவில் கல்லூரி ஆசிரியைக்கு வெறும் 9, சென்னை ஆராய்ச்சியாளர் ஒருவருக்கு 60, அதனால் அந்த ஆசிரியையின் ஆராய்ச்சியில் சரக்கில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை.

2005-இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த கணக்குதான் எச்-இன்டெக்ஸ். 9 என்றால், தலா 9 தடவையாவது மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் 9 இருக்கின்றன, அவ்வளவுதான். அதில் ஒன்றை 2000 பேர் எடுத்தாண்டிருந்தாலும் எண் 9-ஐத் தாண்டாது. ஒற்றை எண்ணால் ஒருவரைத் தோராயமாக மட்டுமே காட்ட முடியும் என்று ஹிர்ஷே எழுதியிருக்கிறார்.

துறையையும் பாருங்கள். மருத்துவத்தில் மேற்கோள்கள் குவியும், கணிதத்திலோ, உயிரினங்களை இனம் பிரிக்கும் வகைப்பாட்டியலிலோ சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அப்புறம் சேர்ந்து எழுதும் கூட்டாளிகள் கணக்கு: ஹிக்ஸ் என்ற அடிப்படைத் துகளின் நிறையை அளந்த 2015 கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள், 33 பக்கத்தில் 24 பக்கம் பெயர்ப் பட்டியல். அதன் ஒவ்வொரு மேற்கோளும் அத்தனை பேர் கணக்கிலும் முழுசாக ஏறும், யார் எவ்வளவு உழைத்தார் என்பது அந்த எண்ணில் தெரியவே தெரியாது.

நீங்கள் சொல்லும் அந்த ஆசிரியை அக்காவோடு ஒருநாள் மணக்குடிக் காயலுக்குப் போயிருக்கிறேன். அலையாத்தி வேர்களுக்கு நடுவே முழங்கால் சேற்றில் நின்று, சதுரச் சட்டம் போட்டு நண்டு வளைகளை ஒவ்வொன்றாக எண்ணி, நனைந்த நோட்டில் பென்சிலால் குறித்துக்கொண்டிருந்தார். எந்த இடத்தில் தோண்டினால் நண்டு கிடைக்கும் என்று காட்டிய வள்ளக்காரர் கூட்டாளியா இல்லையா? மேற்கோள் கணக்கில் அவருக்கு இடமே கிடையாது. அக்காவின் கட்டுரை ஒன்றையாவது திறந்து வாசித்துவிட்டு எழுதுங்கள் தம்பி.