டிவி பார்த்துக்கொண்டே செய்கிற வேலையா?

குறைந்தபட்சக் கூலியை உயர்த்த வேண்டும் என்று குடியாத்தத்தில் யாரிடம் பேச்செடுத்தாலும் இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். "கூலி ஏறினா கம்பெனிக்காரன் ஆந்திரா பக்கம் போயிடுவான்" என்பது ஒன்று. பீடி சுற்றும் பெண்களைப் பற்றிப் பேசினால் இன்னொன்று: "வீட்டுல உக்காந்து டிவி பாத்துக்கிட்டே செய்யற வேலைதானே?"

முதல் பதிலில் கொஞ்சம் நியாயம் உண்டு. எல்லை பக்கத்தில்தான் இருக்கிறது. அதனால்தான் நாடு முழுக்க ஒரு கௌரவமான அடிமட்டக் கூலி வேண்டும் என்கிறோம். மத்திய அரசு வைத்த அடிமட்டக் கூலி 2017-ல் ஒரு நாளைக்கு 176 ரூபாய்; அதை 2019-ல் 178 ஆக்கினார்கள். இரண்டு ரூபாய்!

இரண்டாவது பதிலைக் கேட்டால்தான் எனக்குக் கோபம் வருகிறது. எங்கள் பெரியம்மா பீடி சுற்றிப் பிள்ளைகளை வளர்த்தவர். ராத்திரியே இலையை நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைப்பார். விடிந்ததும் தகட்டு அளவு வைத்துக் கத்தரிக்கோலால் ஒவ்வொரு இலையாக வெட்ட வேண்டும். அப்புறம்தான் மடியில் முறம், புகையிலைத் தூள், நூல். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. நனைத்த நேரமும் வெட்டிய நேரமும் அந்தக் கணக்கில் யார் கண்ணுக்கும் தெரியாது. கம்பெனி கொடுத்த இலை ஆயிரத்துக்குப் போதாவிட்டால் கைக்காசு போட்டு வாங்க வேண்டும். கொண்டுபோய்க் கொடுத்தால் கட்டைப் பிரித்துப் பார்த்து "இது சரியில்லை" என்று ஒரு பங்கைக் கழிப்பார்கள். கழித்த பீடிக்குக் கூலியும் கிடையாது, பீடியும் திரும்பி வராது. தோள்பட்டை வலியும் தூள் இருமலும் மட்டும் முழுசாக அவருக்கே.

குறைந்தபட்சக் கூலியை எதை வைத்து முடிவு செய்வது என்று 1957-லேயே இந்தியத் தொழிலாளர் மாநாட்டில் ஒரு கணக்குப் போட்டார்கள். பெரியவர் ஒருவருக்கு நாளைக்கு 2,700 கலோரி சாப்பாடு, குடும்பத்துக்கு வருஷத்துக்கு 72 கஜம் துணி, வீட்டு வாடகை, எரிபொருள். பிள்ளைகளின் படிப்பு, மருத்துவச் செலவையும் சேர்க்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் பிற்பாடு சொன்னது. ஆயிரம் பீடிக்கான கூலியை வைத்து இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பாருங்கள். குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்புக்குச் சமம் என்று 1982-லேயே அதே நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

உயர்த்தத்தான் வேண்டும். ஆனால் அரசாணையில் தொகை ஏறினால் மட்டும் போதாது. 1948-ஆம் வருஷக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தில் கூலியைக் குறைத்தவருக்கு அபராதம் அதிகபட்சம் 500 ரூபாயாகத்தான் இருந்தது, யார் பயந்தார்கள்? புதிய ஊதியச் சட்டத்தொகுப்பில் அது 50,000 வரை போகிறது. சரி, அந்த அபராதத்தை விதிக்க யாராவது வர வேண்டுமே! பேரணாம்பட்டிலும் குடியாத்தத்திலும் பீடி வாங்குகிற இடத்துக்குத் தொழிலாளர் துறை ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் வரட்டும். இலையை எடை போட்டுப் பார்க்கட்டும். கழித்த பீடிக்குக் கணக்குக் கேட்கட்டும்.